ஊசி தாண்டும் இடம்

மூன்று குளிர்காலமாக என் பியானோவின் மேல்
மின்கட்டண ரசீதுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.
பற்பசைக்குப் பதினோரு நொடி,
"தயவுசெய்து காத்திருங்கள்" என்னும் வங்கிக்கு
முடிவே இல்லாத ஒரு நிமிடம்,
இதெல்லாம் எழுத வருகிறது.
நான்கு பேர் வாசிக்க ஒரு தந்தி இசை கேட்டார்கள்,
அது மட்டும் வரவில்லை.
முன்பணத்தில் சமையலறைக்குத் தரை போட்டாயிற்று.
நடக்கும்போதெல்லாம் கால் கூசுகிறது.

நவம்பரில் அண்ணன் லெஹ் கூப்பிட்டான்.
நிலவறையைக் காலி செய்கிறானாம்.
"போகுஷியா, உன் பெயர் எழுதிய டப்பா ஒன்று.
எலி தின்றது போக மிச்சம் இருக்கிறது."

வூச் நகரத்தில் அன்று பனியும் இல்லை, மழையும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கஞ்சி.
டிராமில் போய் எடுத்துவந்தேன்.
ஒற்றைச் சறுக்குக் காலணி,
பல்லுடைந்த சீப்பு,
அடியில் அந்த அஞ்சலட்டை.

எங்கள் காலத்தில் அஞ்சலட்டை பாடும்.
சொன்னால் என் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.
படத்தின் மேல் நகப்பூச்சுபோல் ஒரு பளபளப்பு,
அதில் வட்டவட்டமாய்ப் பள்ளம்,
நடுவில் ஒரு துளை.
இதில் க்தீனியா துறைமுகம், அப்பா வேலைக்குப் போன ஊர்.
மூன்று பளுதூக்கிகளைச் சுற்றிக்கொண்டு
யாரோ ஒருத்தியின் ட்விஸ்ட் பாட்டு.

அட்டை அப்பளமாய் வளைந்திருந்தது.
இரவல் வாங்கிய சுழல்தட்டில் படுக்கவைத்து
முள்ளின் தலையில் ஒரு ஸ்வோட்டி நாணயம் வைத்தேன்,
அப்போது வைத்ததுபோலவே.

முதலில் கடல் வறுபடும் சத்தம்.
பிறகு எக்காளம். பிறகு அவள்.
பல்லவி முடிகிற இடத்தில்,
இதோ வருகிறது, இதோ,
ஊசி தாண்டியது.

நான்கு தட்டில் அரைத் தட்டு காணாமல் போகும் இடம்.
அதற்காகத்தான் முழுப் பாட்டையும் பொறுத்துக்கொள்வோம்,
நானும் லெஹும்.
சரியாக அங்கே ஒரு குதி.
அது பாட்டிலேயே உண்டு என்று நம்பியிருந்தோம்.
மாமன் மகள் வியெஸ்வாவாவின் கல்யாணத்தில்
வாத்தியக்காரர்கள் அதையே வாசித்தார்கள், குறையில்லாமல்.
கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குதித்து
பாதிரியாரின் சூப்பில் போய் விழுந்தோம்.

அப்புறம் இசைக்கல்லூரி.
ஏழு வருடம் எண்ணச் சொல்லிக்கொடுத்தார்கள்.
நன்றாக எண்ணினேன்.
பரிசுகூடக் கொடுத்தார்கள்.

அட்டையைத் திருப்பினேன்.
பேனாவைக் கடப்பாரையாய்ப் பிடிப்பவர் அப்பா.
"சனிக்கிழமை வருகிறேன். நிலக்கரி வாங்கி வை."
கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி,
ஆணி அறைந்ததுபோல்.
மறுபக்கத்தில் விரல் வைத்துத் தடவினேன்.
அங்கே அது ஒரு மேடு.

அவர் ஒன்றும் நினைத்துச் செய்திருக்கமாட்டார்.
சனிக்கிழமை வந்தார்.
நிலக்கரி எங்கே என்று கத்தினார்.

அன்றிரவு ரசீதுகளை நகர்த்தினேன்.
இரண்டாம் வயலினுக்கு ஒரு நடை,
சாதுவாய், நான்கு நான்காய்.
நன்றாக நம்பவைத்த பிறகு
ஓர் அரைத் தட்டைப் பிடுங்கினேன்.
பல் விழுந்த பள்ளத்தை நாக்கு விடாததுபோல்
செல்லோ திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது.
சரியா தப்பா என்று காகிதத்துக்குத் தெரியுமா?
எழுந்தேன்.
ஐம்பத்தெட்டு வயது, இடது முழங்காலில் ஒரு திருகாணி.
கடன் தீராத தரையில்
ஒரு குதி.

இன்னொன்று.

கீழ்வீட்டு பெலாகியா துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்தாள்,
கால் தட்டு பிந்தி.
அதையும் குறித்துக்கொண்டேன்,
வயோலாவுக்கு.