அறுபத்து நான்கு எழுத்து

ஆரப்பாளையத்தில் தேனி பஸ்
கதவைத் தட்டிக்கொண்டு ஆள் கூப்பிடும் நேரம்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்:
டாக்டர் ரெஜினாள், நெல்பேட்டை அமானுல்லா, நான்.
நடுவில் வக்கீல் நோட்டீஸ்.

ஒச்சம்மாள், ஐம்பத்தாறு, செல்லம்பட்டி.
ஞாயிற்றுக்கிழமை டியூட்டி டாக்டர்
ஃபைலைப் பார்த்துத்தான் ஊசி போட்டார்.
நாலாவது நிமிஷம் உதடு வீங்கி, மூச்சு முட்டி
பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
பிழைத்துவிட்டார்.
பென்சிலின் ஆகாதென்று
முதல் தடவை வந்தபோதே சொன்னேனே என்கிறார்.
ஃபைலில் ஒவ்வாமை என்ற கட்டத்தில்
இல்லை
என்று இருக்கிறது.

"எவனாச்சும் உள்ள போயி மாத்திருப்பாய்ங்க."
டாக்டர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.
தலையாட்டினேன்.
கொஞ்சம் வேகமாகவே ஆட்டினேன்.

ஒருமுறை வைரஸ் வந்து
எக்ஸ்ரே அத்தனையையும் தின்றுபோன பிறகு
அமானுல்லா செய்துவைத்த ஏற்பாடு இது:
ராத்திரி பதினொன்றுக்கு கம்ப்யூட்டர்
ஒவ்வொரு ஃபைலையும் அரைத்து
ஒரு வரி மாவாக்கும்.
அறுபத்து நான்கு எழுத்து, கூடாது, குறையாது.
தலைவலிக்கும் அதே நீளம்
கேன்சருக்கும் அதே நீளம்.
"இந்த ஊர்ல சாமி ஆடுன ஆட்டமும்
அறுபத்து நாலுதானேக்கா" என்று அன்றைக்குச் சிரித்தான்.
மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது.
ஆனால் ஒரு கமா நகர்ந்தாலும்
மாவு மொத்தமும் வேறு.

அந்த வரிகளை அச்செடுத்து
மயக்க மருந்து ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில்
பீரோவில் பூட்டுவது என் வேலை.

அவன் திரையைப் பார்த்து வாசித்தான், நாலு நாலாக.
நான் பழைய காகிதத்தில் பென்சிலால் தொட்டேன்.
ஏழு, சி, ஒன்று, பூஜ்யம்.
இருக்கு.
எஃப், எஃப், இரண்டு, ஒன்பது.
இருக்கு.

முதல் நாலு எழுத்திலேயே முடிந்துவிட்டது, எனக்குத் தெரியும்.
மாறியிருந்தால் முதல் சிட்டிகையே சொல்லியிருக்கும்.
இருந்தும் பதினாறு தடவை வாசித்தோம்.
பதினாறு தடவையும்
பிசகிவிடு பிசகிவிடு என்று
உள்ளுக்குள் ஒருத்தி மன்றாடிக்கொண்டிருந்தாள்.

பிசகவில்லை.
யாரும் உள்ளே போகவில்லை, யாரும் மாற்றவில்லை.
மார்ச் பதினாலு, மாலை ஏழு நாற்பத்திரண்டுக்கு
என் பெயரில் திறந்து
என் பெயரில் மூடிய ஃபைல்.

மாறவில்லை என்று மட்டும்தான் அந்த வரிக்குச் சொல்லத் தெரியும்.
சரியா என்று அதனிடம் கேட்க முடியாது.
தப்பைக் கொடுத்தால் தப்பையே
சேதாரம் இல்லாமல்
ஆறு வருஷம் காத்துத் திருப்பித் தரும்.

அந்த வார்த்தையை நான் அடிக்கக்கூட இல்லை.
கட்டம் திறக்கும்போதே
உள்ளே 'இல்லை' உட்கார்ந்திருக்கும்.
வெளியே இன்னும் இருபத்தேழு டோக்கன்.
டேப் பட்டனைத் தட்டித் தாண்டிப் போயிருப்பேன்.
போயிருப்பேன் என்ன, போனேன்.

ஃபேன் சுற்றியது.
இந்த ஒரு தாளை மட்டும் வேறு மாதிரி அச்செடுத்தால்...
மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.
அமானுல்லா குனிந்து செருப்பைத் தேடினான்.
டாக்டர் தாளை மடிக்காமல் என்னிடம் நீட்டி
"எடுத்த எடத்துலயே வைங்க" என்றார்.

பழைய வரியைத் தொடவில்லை.
அதற்குக் கீழே புதிதாக அடித்தேன்:
திருத்தம். பென்சிலின் ஆகாது.
நோயாளி முதல் நாளே சொன்னார். பதியாதது நான்.
பெயர், தேதி, மணி.

பதினொன்றுக்கு அரைத்தது.
புது வரியில் மூன்றோ நாலோ எழுத்து
தற்செயலாகப் பழைய இடத்திலேயே நின்றன.
மற்றதெல்லாம் முன்பின் தெரியாத முகங்கள்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வரும்போது
அமானுல்லாவிடம் கேட்டேன்,
காலையில் செல்லம்பட்டிக்கு
முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று.