இடது காதில் ஒருத்தி

லாஸ்பேட்டையில் டயர் கடைக்கு மேல் மாடி.
வேறு யார் அலறினாலும் தெரு எட்டிப் பார்க்கும்.
நான் அலறினால்
கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் தலை நிமிராமல்
"பையன் இன்னிக்கு மலையிலேர்ந்து விழறான் போல" என்பார்.

பையனுக்குப் பத்து வயது.
பதினோரு வருஷமாகப் பத்து வயது.
எனக்கு நாற்பத்தாறு.
ஜப்பானில் அவனுக்காகப் பேசுகிறவளுக்கு
அறுபத்தெட்டோ ஒன்பதோ.
இடது காதில் அவள், வலது காதில் நான்,
நடுவில் வாயசைக்கிறான்
இரண்டு பேரையும் அறியாதவன்.

பெயர் தமாயே.
கடைசியில் ஓடும் எழுத்துகளில் எது அவள் என்று
எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஒலிப்பதிவு அமல்ராஜ் சொன்னான், அவனுக்கு யாரோ சொன்னார்களாம்:
நாடகக் கம்பெனியில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவள்.
பெரிய ஜவுளிக்கடை லிஃப்டில் மாடி எண் சொன்னவள்.
சோப்பு விளம்பரத்தில் நுரை பேசியதே, அது அவள்தான்.
வானொலியில் கிழவிகள், ஒரு வாத்து,
நாற்பத்தொன்றில் இந்தப் பையன்.
ஒருமுறை மேடையேற்றி அவன் பாட்டைப் பாடவிட்டார்களாம்.
வந்திருந்த பிள்ளைகள்
கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார்களாம்.

நானும்தான்.
கடலூர் பஸ் ஸ்டாண்டில்
விழுப்புரம் வண்டி இரண்டாவது நடைமேடை என்றது நான்.
ஒரே தேர்தலில், ஒரே வாரத்தில், இரண்டு கட்சிக்கும்
தாய்மார்களே என்றது நான்.
மஞ்சக்குப்பம் நகைக்கடைக்குச் செய்கூலி சேதாரம் இல்லை என்றேன்.
பிறகு அதே கடையில் ஒரு மூக்குத்திக்கு
அரை மணி நேரம் பேரம் பேசினேன்.
யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.
சேதாரமும் போட்டார்கள்.

அவள் பாஷை தெரியாது எனக்கு, மூச்சு தெரியும்.
ஓடும்போது மூச்சு முன்னால், கால் பின்னால்.
சிரிப்பு முடிகிற இடத்தில் சின்ன விசில்,
பல்செட் என்று நினைக்கிறேன்.
அழுவதற்கு முன் மூக்கால் ஒரு துளி இழுப்பாள்,
சோற்றில் கல்லைக் கடித்தவள் மாதிரி ஒரு கணம் நிற்பாள்,
அப்புறம்தான் பையன் அழுவான்.

நானூற்றுப் பன்னிரண்டாம் பகுதி, செவ்வாய்க்கிழமை,
முதல் வரியிலேயே கையைத் தூக்கினேன்.
"இது அவ இல்ல."
அமல்ராஜ் பின்னால் ஓட்டினான், முன்னால் ஓட்டினான்.
"அதே குரல்தான்க்கா."
அதே குரல்தான். புதியவள் நன்றாகப் பழகியிருக்கிறாள்.
குழாயைத் திறந்ததும் வருகிறது அழுகை.
கல் இல்லை.

செத்துப்போனாளா, ஓய்வா, தொண்டையா,
சம்பளத் தகராறா.
கேட்கலாமென்றால் எனக்குத் தெரிந்த ஒரே மேலிடம்
பில்லில் கையெழுத்துப் போடும் மும்பைக்காரர்.

அன்றைக்கு என்று பையனின் நாய் தொலைந்தது.
புதியவள் உடனே அழுதாள்.
நான் மூக்கால் இழுத்தேன்,
நின்றேன்.
அவன் வாய் என்னைத் தாண்டிப் போயிற்று.
"லேட்டுக்கா. இன்னொண்ணு."
இன்னொன்றும் லேட்டு.
ஆறாவது தடவை அமல்ராஜ் ஒன்றும் சொல்லாமல்
என் அழுகையை வெட்டி
உதட்டின் மேல் நகர்த்தி வைத்தான்.
அந்த மூச்சை மட்டும் வெட்டவில்லை.

ஏழரை பஸ்ஸில் தொண்டையில் ஒன்றுமே இல்லை.
முள்ளோடை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறினார்,
பையைத் தட்டினார், பிளாஸ்க்கை ஆட்டினார்.
"உள்ள என்னம்மா?"
வாயைத் திறந்தேன், காற்று வந்தது.
மூடியைக் கழற்றி முகர்ந்தார்.
பனங்கற்கண்டு, வெந்நீர்.
நம்பாமல்
இன்னொரு தடவை முகர்ந்தார்.