மூன்றாவது பாட்டு

ஹிராய்வா ஊருக்குப் போய் எட்டு மாசம்.
அவர் போட்ட சிடி மட்டும்
வண்டிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.
அல் கோரிலிருந்து ராஸ் லஃபான் வரை
ஐந்து ஜப்பான் பையன்கள்
என் லேண்ட் குரூசரில்
தினமும் காதலில் தோற்கிறார்கள்.
புது மேனேஜர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்,
நிறுத்தச் சொன்னதில்லை.

முதல் பாட்டு கைதட்டல். அடுத்தது குதியாட்டம்.
மூன்றாவதில்
பியானோ தயங்கித் தயங்கி வர
மெலிந்த குரல்காரன் 'அமே, அமே' என்பான்.
அம்மாவைக் கூப்பிடுகிறான் பாவம்
என்றே ஒரு வருஷம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.
ஹிராய்வாவுக்கு இங்கிலீஷ் என்னைவிடக் கம்மி.
வானத்தைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை.
பிறகு எட்டி வைப்பரைத் தட்டிவிட்டார்.
காய்ந்த கண்ணாடியில்
புழுதியைக் கீறிக்கொண்டு
இரண்டு தரம் போய் வந்தது அது.

ஓ, மழை.

நேற்று போனில் தமயந்தி கேட்டாள்:
"யாருங்க அது, இப்படி அழுவுறான்?"
"ஜப்பான்காரன். மழை பெய்யுதாம் அவனுக்கு."
"இங்கயுந்தான். துணி எடுக்கணும், வச்சிடறேன்."

பாட்டு முடிய
இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.