எண்பதாம் துறை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கண்மட்டத்தில் எங்கள் அலுவலகம்.
சரக்கு லாரி போனால் மானிட்டர் நடுங்கும்.
காலை ஆறு மணிக்கு
குலசேகரம் ரெத்தினசிகாமணியின்
ரப்பர் ஷீட் விலைத் தளம் திறந்தாக வேண்டும்.
இப்போது இரண்டே கால்.
திரையில் ஒரே வரி:
அந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் உண்டு.

எண்பதாம் போர்ட்டில் காது கொடுத்து
உட்கார்ந்திருப்பவன் யாரென்று கேட்டேன்.
அப்பாச்சி.
செயல் எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.
நான் வைத்ததில்லை.

கொன்றேன்.
எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்,
கை நடுங்காமல்.
ஐந்து எண்ணுவதற்குள்
வேறு எண்ணோடு அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்தான்.
மறுபடி கொன்றேன்.
மறுபடி எழுந்தான்,
வெட்டிய மட்டி வாழையின் குருத்து மாதிரி.

இந்த மெஷினை முன்னே பார்த்தவன் பெர்ஜின்.
குவைத் போய் இரண்டு வருஷம்.
விழுந்தால் தூக்கிவிடு என்று
எங்கோ ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு
விமானம் ஏறியிருக்கிறான்.
தேடிப்பிடித்து அந்த வரியை அணைத்தேன்.
அப்புறம் எழவில்லை.
ரப்பர் வந்தது,
நான்காம் தரம் கிலோ இவ்வளவென்று பச்சை எழுத்தில்.
ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த சாயாவைக் குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது, ஆனாலும் ருசி.

மூன்று நாற்பதுக்கு அலுவலக போன் அடித்தது.
"மக்களே, தேங்காப்பட்டணத்து ஏல வெல எங்க?
மீனக் கேட்டா ரப்பர் ஷீட்டுல்லா காட்டுது!"
கருங்கல் சந்தையில் மீன் விற்கும் செபஸ்தியாள்.
பக்கத்தின் அடியில் எங்கள் நம்பர் இருக்கிறதாம்.
"வண்டி விடணுமா வேண்டாமா,
அத மட்டும் சொல்லு பிள்ளே."

பதிவுக் கோப்பைத் திறந்தேன்.
தினமும் மூன்றரை தாண்டி ஒரு தட்டல்,
பிறகு நாலு, பிறகு நாற்பது.
ஞாயிறு மட்டும் வெறிச்.
எங்கள் பில் புத்தகத்தில் அப்படியொரு தளமே இல்லை.
யாரோ ஒரு ஏலக்காரர் படகடியில் நின்று
விலை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்,
நான் இதே நாற்காலியில் இருந்த எல்லா நாளும்.

தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலுக்குள் இறங்கும் வாய்
மணல் அடைந்து குறுகும் மாதங்கள் உண்டு.
அப்போது ஒரு நேரம் ஒரு படகு.
கரையில் ஒருவன் துண்டை வீசி
நீ வா, நீ நில் என்பான்.

வாசலில் எஞ்சினெக்ஸை நிறுத்தினேன்.
எண்பது இனி உனக்கு.
வருகிறவர் என்ன பேர் சொல்லித் தட்டுகிறார் என்று கேள்.
மீனென்றால் எட்டாயிரத்து எண்பத்தொன்று,
ரப்பரென்றால் எண்பத்திரண்டு.
ஓடவில்லை.
ஒரு அரைப்புள்ளியை விட்டிருக்கிறேன்.
வைத்தேன். ஓடியது.
பெர்ஜினின் வரியையும் பழையபடி எழுதினேன்:
விழுந்தால் தூக்கிவிடு.

அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.
அங்கே ராத்திரி ஒன்றே முக்கால்.
உடனே பதில் வந்தது:
அதுவா? இன்னுமா ஓடுது?

செபஸ்தியாளைக் கூப்பிட்டு
இப்ப பாருங்க என்றேன்.
எண்ணெய் படிந்த திரையில் விரல் தேய்க்கும் நேரம் போனது.
"நெய்மீன் இந்த வெலையா? ஆத்தாடி.
வண்டி விடல்ல" என்று
போனை வைத்துவிட்டாள்.