நாற்பத்தெட்டாம் மணி

டார்ட்டு நகரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
இன்குபேட்டருக்குள் எப்போதும் முப்பத்தேழு.
தட்டில் தொண்ணூற்றாறு குழி, குழிக்கு முந்நூறு உயிரணு,
எலிக்கருவின் மூலச்செல்கள்.
‘தலைகால் புரியாத உருண்டைகள்’ என்பாள் மாரிகா.
கிண்டல் இல்லை.
தலையும் வரவில்லை, காலும் வரவில்லை.

ஈரல் ஆகலாம். இமை ஆகலாம்.
ஆகு என்று யாரும் சொல்லவில்லை இன்னும்.

சுவருக்கும் காது உண்டு.
இவற்றுக்குச் சுவர் இல்லை, மெல்லிய சவ்வு,
அதில் முழுக்கக் காதுகள்.
காதில் விழுந்ததை உட்கருவரை
கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் புரதங்கள்.
கேட்ட செல் பக்கத்துச் செல்லிடம் சொல்லும்,
‘அதைக் கேட்காதே’ என்றும் சேர்த்துச் சொல்லும்.
இந்த வாய்ச்சண்டையில்தான்
முன் எது பின் எது என்று தீரும்.

முதல் சொல்லை மட்டும் நாம் சொல்ல வேண்டும்,
நாற்பத்தெட்டாம் மணியில்,
இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு துளி மருந்தாக.

மேல் நான்கு வரிசைக்கு யோசெப் சொல்லிவிட்டான்,
காலை ஆறுக்கு.
பிறகு மகனுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு ஓடினான்.
கீழ் நான்கும் மாரிகாவுடையவை.
அவள் வந்த ரயில் எல்வா தாண்டிப்
பைன் காட்டுக்குள் நின்றது.
தண்டவாளத்தில் சாய்ந்த மரம், மேலே பனி.
சிக்னல் விழவில்லை.
கைப்பேசியிலும் சிக்னல் இல்லை.
எதிர் இருக்கையில் ஒருவர் கம்புரொட்டியை
மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தார்.

பதினொரு மணிநேரம் பிந்தி
அதே துளியை அதே அளவில் விட்டாள்.
கை நடுங்கியது குளிரால்தான்.

ஐந்தாம் நாள்.
மேலே: ஊறிய அரிசிபோல் நீண்டிருந்தன,
ஒரு முனை மட்டும் பச்சையாய் ஒளிர்ந்தது.
வால் அங்கே.
அப்படியென்றால் தலை இங்கே.
கீழே: உருண்டை, உருண்டை, உருண்டை.
துளி போய்ச் சேர்ந்திருந்தது.
காதுகள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டன.

கடைசி வரிசை, ஏழாம் குழி.
அது நீண்டிருந்தது.
கொஞ்சம் கோணல், வால் இடப்பக்கம் சரிந்து,
ஆனால் வால்.

‘மேல் வரிசையிலிருந்து சிதறியிருக்கும்’ என்றான் யோசெப்.
நான்கு வரிசை தாண்டியா?
அவன் தோளைக் குலுக்கினான்.

குறிப்பேட்டில் அவள் எழுதினாள்:
ஏழாம் குழி. யாரும் சொல்லவில்லை.
அடித்தாள்.
நான் சொல்லவில்லை, என்று திருத்தினாள்.
மற்றதெல்லாம் ப்ளீச்சில் கொட்ட வேண்டிய தட்டை
இன்னோர் இரவுக்கு உள்ளே வைத்து
கதவைச் சாத்தினாள், சத்தம் வராமல்.