ஆட்டம்

எட்டு மாதமாய் என் கையைத்தான் சந்தேகித்தேன்.

டட்சனின் கியர்த்தடி
சொதிச்சட்டிக்குள் அகப்பை போல
எங்கும் போய்வரும், எங்கும் படியாது.
நியூட்ரல் மட்டும்
ஒரு மாகாணம் அளவுக்கு விரிந்து கிடந்தது.
ஒன்றைத் தேடிப் போனால் மூன்றின் கதவு திறக்கும்.
ஆமர் வீதிச் சந்தியில் பச்சை விழுந்ததும்
நான் பின்னுக்குப் போனேன்.
பஸ் கொண்டக்டர் ஒருவன்
மிதிபலகையில் நின்றபடி கைதட்டினான்.

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவள்.
இப்போது எல்லாம் கணினிதான், என்றாலும்
பழைய படங்களின் எல்லைக்கோட்டை
மையால் திருத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
கார்த்திகையில் ஒரு கோடு
பக்கத்து வளவுக்குள் அரை மில்லிமீற்றர் போய்விட்டது.
நிலத்தில் அது ஒரு தென்னை நிற்கும் இடம்.
அன்றைக்கேதான் காரிலும் கியர் நழுவியது.
இரண்டையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
நரம்பு டொக்டரிடம் வியாழக்கிழமைக்குப்
பதினேழாம் நம்பர் எடுத்து வைத்தேன்.

மற்றவர்கள் எல்லாம்
"கியர்பொக்ஸ் இறக்கோணும் மிஸ்" என்று
தொண்ணூறாயிரத்தில் தொடங்கியவர்கள்.
பஞ்சிகாவத்தை நிஃப்ராஸ்
தடியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தான்.
ரப்பர் உறையைத் தூக்கினான், கீழே படுத்தான்,
ஒரு பின்னைத் தட்டிக் கழற்றினான்,
உள்ளங்கையில் எதையோ வைத்து நீட்டினான்:
வெட்டிப்போட்ட நகம்போல
பிறையாய்த் தேய்ந்த நைலோன் துண்டு.
"இதுதான் புஷ். இருந்தது. இப்ப இல்ல."
முந்நூற்றைம்பது ரூபா.
இரண்டு வாங்கினேன், ஒன்று கைப்பைக்குள்.

இரண்டாம் கியர்
பூட்டுக்குள் திறப்பு திரும்புகிற மாதிரி விழுந்தது.
அந்தச் சின்னச் சத்தத்துக்கு என் கண் கலங்கியதை
பெற்றோல் மணத்தால் என்று நினைத்திருப்பான்.

"கியர் சரி. இனி வேகமாப் போவீங்க," என்றான்.
"நிக்கிறத்துக்கு என்னா ஈக்கி?"

நாலு சில்லுக்கும் ட்ரம்.
மழை பெய்தால் நாலும் சவர்க்காரம்.
பம்பலப்பிட்டியில் நிற்க வேண்டுமென்றால்
கொள்ளுப்பிட்டியிலேயே யோசிக்கத் தொடங்குவேன்,
இரண்டுதரம் மிதித்து, ஒருதரம் நேர்ந்து.

ஒரு பி-முந்நூற்றுப்பத்துச் சன்னியின்
முன் டிஸ்க், கெலிப்பர், மாஸ்டர் சிலிண்டர்
துருவோடு உரப்பையில் வந்து இறங்கின.
எந்த விபத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை.
தட்டைக் கடைந்து, சீல் மாற்றி, புதுக் குழாய் பூட்டி
ஞாயிறு பின்னேரம் காற்றெடுத்தோம்:
அவன் சில்லடியில், நான் பெடலில்.
"அமத்துங்க. பிடிங்க. விடுங்க."
போத்தலுக்குள் குமிழி வந்தது, வந்தது,
பிறகு வரவில்லை.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்புகையில்
ஒரு பூனைக்காக மிதித்தேன்.
கார் நின்றது.
நின்றது என்றால், சொன்ன இடத்தில்.
பின்னால் வந்த திரீவீலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.
டப்.
இறங்கி வந்தவன் என் பம்பரைத் தடவினான்,
ஸ்ரீ போட்ட பழைய இலக்கத் தகட்டைப் பார்த்தான்.
"இந்த வயசுக்கார்
இப்பிடி நிக்குமெண்டு ஆர் நினைச்சது, அக்கா?"
நியாயம்தான்.
எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் கைப்பையைக் கவிழ்த்தேன்.
பதினேழாம் நம்பர்த் துண்டும் மற்றப் புஷ்ஷும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.
தேத்தண்ணி ஊற்றிக் கோப்பையைத் தூக்கினேன்.
மேலே வட்டம் வட்டமாய் ஒரு நடுக்கம்.
கீழே வீதியில் கொள்கலன் லொறி ஒன்று
துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
அது போய் முடியட்டும் என்று
கோப்பையைப் பிடித்தபடியே நின்றேன்.

பின்னால் இன்னொரு லொறி வந்தது.