இருபதால் வகுத்தது

மூன்றடியை இருபதால் வகுத்தால்
நாற்பத்தைந்து மில்லிமீட்டர், கொஞ்சம் மிச்சம்.
மிச்சத்தை அரம் வைத்து ராவிக் களைந்தேன்.

ஐவி அக்காவுக்கு லெட்டர்கென்னி ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
விடிந்து வீட்டுக்குப் போகிற வழியில்
ஆளில்லாத ஒரு ஸ்டேஷன் முன் நின்று
எனக்குப் படம் பிடிப்பாள்.
தண்டவாளத்தைப் பெயர்த்து அறுபது வருஷத்துக்கு மேலாயிற்றாம்.
ஆரல்வாய்மொழியில்
முருங்கைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே
நான் அதைத் திரும்பப் போட்டேன்.

கட்டையெல்லாம் அயினி. ஆசாரி கழித்துப் போட்ட துண்டுகளில்
அறுத்தது ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
ஜல்லிக்குத் தாணுலிங்கத்தின் கிரஷரிலிருந்து இரண்டு மூட்டைத் தூசி.
அதை மெற்றில்டாவின் அரிப்பில் சலித்தேன்.
அவளுக்குப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
அதிலும் சலித்தேன்.

மியூசியத்து முற்றத்தில் நிற்கும் பழைய பெட்டி,
அந்தப் படத்திலும் மழை.
பெயிண்டுக் கடைக்காரன் "என்ன சிவப்பு?" என்றான்.
"நனைஞ்ச சிவப்பு" என்றேன்.
ஒன்றும் கேட்காமல் கலக்கிக் கொடுத்தான்.
சரியாகவே இருந்தது.

எஞ்சின் பிவிசி குழாய்.
உள்ளே பழைய டிரில்லின் மோட்டார்,
புகைபோக்கி இருமல் மருந்தின் மூடி.
ஓடும்போது டிரில் சத்தம்தான் வரும்.
அதை ரயிலாகக் கேட்கத் தெரிந்தவர்கள்
இதுவரை இரண்டு பேர்.

ஸ்டேஷனும் இரண்டு: முருங்கமூடு, தொட்டியடி.
நடுவில், துணி அலக்குகிற கல்லிலிருந்து ஓடும் சாலின் மேல்
ஏழு தூண் பாலம்.
ஆறாவது தூணுக்குக் கம்பி கட்டும்போதுதான் ஐவி சொன்னாள்:
அங்கே அசல் பாலத்தில், ஒரு தை மாத ராத்திரி,
போய்க்கொண்டிருந்த வண்டியைக் காற்று தூக்கிற்று.
நாலு பேர்.
இப்போது ஆற்றில் தூண்கள் மட்டும் நிற்கின்றன.
"தாழ்த்திக் கட்டுடே" என்றாள்.
நான் தாழ்த்தவில்லை.

காற்றில் சம்பளம் வாங்குகிறவன் நான்.
எண்பது மீட்டர் ஏறி
காற்றாலையின் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கிறவன்.
ஆனி பத்தாம் தேதி வீட்டுக்கு வந்தால்
மூன்று பெட்டியும் கார்டு வண்டியும் சோப்புத் தண்ணீரில்.
தபால் பெட்டி மட்டும்
பாலத்தின் குறுக்கே, யோசித்தபடி.

கட்டையை வகுத்தேன், தூணை வகுத்தேன்,
ஆளில்லாத பெட்டியில் ஆள் உட்காரும் பலகையை
ஒரு ராத்திரி முழுக்க வகுத்தேன்.
காற்றை வகுக்க விட்டுப்போயிற்று.
கணவாய் வழியாக அது முழுசாகத்தான் வரும்.

குளச்சலில் தூண்டில் ஈயம் வாங்கி
பெட்டிகளின் வயிற்றில் ஒட்டினேன்.
அதன் பிறகு விழவில்லை.
தொட்டியடி ஏற்றத்தில் ஏறவும் இல்லை.
பாதியில் நின்று முனகும், பேட்டரி சுடும்.
பாதி ஈயத்தை எடுத்தேன்.
அதில் பாதியைத் திரும்ப வைத்தேன்.
இப்படியே ஆடி முடிந்தது.

நேற்று மீட்டரில் பதினாறு.
பன்னிரண்டு தாண்டினால் ஏறக் கூடாதென்று விதி.
இறக்கைகள் எல்லாம் சுற்றுகின்றன, கம்பெனிக்குச் சந்தோஷம்,
நான் அடிவாரத்தில் ஜீப்புக்குள் இருந்து போன் போட்டேன்.
"அஞ்சு நாப்பதை இன்னைக்கு விடாத."
"விட்டாச்சு" என்றாள் மெற்றில்டா.
"பாலம்?"
"கடந்தாச்சு. கார்டு வண்டியில ரெண்டு ஏத்தங்காய் வச்சேன்."
"ஏத்தம்?"
"அதுக்கு முன்ன இறக்கிட்டேன்லா."

ஆக, பாலத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே
சரக்கு இறக்க ஒரு மேடை வேண்டும்.
அளவு கேட்டு ஐவிக்கு எழுதியிருக்கிறேன்.
மழை விடட்டும் என்கிறாள்.